கரப்பான் ஜெல்: சின்னதுக்கு மருந்து, பெரிசுக்குத் தண்டம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கேபினட் கீலிலும் மிக்ஸிக்கு அடியிலும் ஃபிரிட்ஜ் ரப்பரிலும் குடியிருக்கும் சின்னக் கரப்பானுக்கு, வீட்டு உபயோகத்துக்கென்று கடையில் கிடைப்பவற்றில், விஷம் கலந்த தீனியான ஜெல்லை மிஞ்சிய பொருள் இல்லை. பாத்ரூம் ஜாலி வழியே ஏறி வரும் பெரிய செங்கரப்பானுக்கு அதே ஜெல் குழாயை வாங்கினால் பாதிப் பணம் வீண். சிலந்திக்கு வாங்கினால் முழுப் பணமும் வீண்.

ஒரே ஜெல்லுக்கு ஆன்லைனில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் அடுத்தடுத்து விழுவதன் ரகசியமும் இதுதான். பொருள் ஒன்றுதான். வாங்கியவர்கள் வீட்டில் இருக்கும் பூச்சி வேறு, வைத்த விதம் வேறு.

எனவே குழாயைப் பிரிப்பதற்கு முன்னால் பூச்சியைப் பாருங்கள். சின்னது, அதாவது ஜெர்மன் கரப்பான், முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. வெளிர் பழுப்பு நிறம். தலைக்குப் பின்னால் இருக்கும் கவசத்தில் இரண்டு கருங்கோடுகள் இணையாக ஓடும். குஞ்சுகளில் உடம்பு கறுத்து, நடுவே ஒரு வெளிர்ப் பட்டை தெரியும். பெரியது அமெரிக்கக் கரப்பான். மூன்றரை, நான்கு சென்டிமீட்டர், செம்பழுப்பு, கவசத்தின் ஓரத்தில் மஞ்சள் வளையம். சின்னதைப் பார்த்துவிட்டு "இது குட்டி, வளர்ந்தால் பெரிதாகும்" என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படி ஆகாது. இரண்டும் வேறு வேறு இனம். ஒன்றின் வீடு சமையலறைச் சந்து. மற்றதன் வீடு சாக்கடை.

பெயர்களை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம் என்பதற்கு ஒரு சின்ன இடைச்செருகல். ஜெர்மன் கரப்பானுக்கு 1767இல் அந்தப் பெயரை வைத்தவர் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ். 2024இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, அது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் ஆசியக் கரப்பானிலிருந்து, இந்தியா அல்லது மியான்மரில் பிரிந்து வந்த இனம் என்கிறது. அமெரிக்கக் கரப்பானின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. ஆக, சமையலறையில் ஓடும் "ஜெர்மன்காரர்" நம் பக்கத்து ஆள்தான்.

இனி குழாய்க்குள் இருப்பது. அட்டைப் பெட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். நம் கடைகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், அல்லது இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம். மேக்ஸ்ஃபோர்ஸ் ஃபோர்டே முதல் வகை. சின்ஜென்டாவின் அட்வியான் மூன்றாவது வகை, இண்டாக்ஸகார்ப் 0.6 சதவீதம். 2.15 பெரிய எண், அதனால் அது வீரியமானது என்று கணக்குப் போடக் கூடாது. வெவ்வேறு மருந்துகளின் சதவீதத்தை ஒப்பிடுவது மிளகாயையும் மிளகையும் எடை போட்டுக் காரம் சொல்வது மாதிரி. மீதி 98, 99 சதவீதமும் தீனிதான்: சர்க்கரை, கொழுப்பு, ஈரம் காயாமல் பிடித்துவைக்கும் பசை. அந்தத் தீனியின் தரம்தான் ஒரு கம்பெனி ஜெல்லுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். மருந்து ஒன்றாகவே இருந்தாலும், காய்ந்து ரப்பர் மாதிரி ஆகிவிட்டால் கரப்பான் அதைத் தொடாது.

அதே லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் நச்சுத்தன்மையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அந்த முக்கோணமும், பதிவு எண்ணும், காலாவதித் தேதியும் இல்லாத குழாயை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். தேதி வெறும் சம்பிரதாயம் அல்ல. பழைய ஜெல்லில் மருந்து இருக்கும், வாசனை போயிருக்கும்.

ஜெல்லின் பலம் அது தாமதமாகக் கொல்வதில் இருக்கிறது. தின்ற கரப்பான் அங்கேயே விழாமல் தன் சந்துக்குத் திரும்பிப் போகும். அங்கே அது கழிக்கும் எச்சத்தை, வெளியே வரப் பயப்படும் இளங்குஞ்சுகள் தின்னும். செத்த பிறகு அதன் உடலை மற்றவை தின்னும். ஒரு பொட்டு மருந்து இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் இப்படித்தான் போகிறது. அதனால் ஜெல் வைத்த மறுநாள் காலை பிணக்குவியலைத் தேடாதீர்கள். நான்கைந்து மட்டும் தரையில் மல்லாந்து கிடக்கும். சில பகலிலேயே தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். "மருந்து வைத்த பிறகு கூடிவிட்டது" என்ற புகார் எழுவது இந்த நாட்களில்தான். கூடவில்லை, ஒளிந்திருந்தவை விஷம் ஏறி வெளியே வருகின்றன. அவற்றை ஸ்ப்ரே அடித்து விரட்டாமல் விட்டுவிடுங்கள்.

வைக்கும் முறைக்கு வருவோம். முதல் வேலை உளவு. இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சுடன் சமையலறைக்குள் போனால் எந்தச் சந்துக்குள் ஓடுகின்றன என்று தெரிந்துவிடும். பகலில் என்றால் அடையாளம், மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள். கேபினட் கதவின் கீல், திருகு ஓட்டை, ட்ராயர் ஓடும் தண்டவாளம், சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், கேஸ் அடுப்பின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறம் கம்ப்ரெசரைச் சுற்றி, கதவு ரப்பரின் மடிப்பு, தண்ணீர் வடிகட்டும் மெஷினின் முதுகு, சுவிட்ச் பெட்டி. சூடும் ஈரமும் இருட்டும் சேரும் இடம் எதுவோ அதுதான் முகவரி. வளர்ந்த ஜெர்மன் கரப்பானுக்கே, இரண்டு ஏடிஎம் அட்டையை அடுக்கினால் வரும் தடிமனுக்குச் சந்து இருந்தால் போதும். குஞ்சுக்கு அதுவும் வேண்டாம்.

இரண்டாவது, துடைப்பது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஜெல் ஒட்டாது; அதைவிட முக்கியம், பக்கத்திலேயே தாளிப்பு எண்ணெய் இருக்கும்போது கரப்பான் ஜெல்லைத் தேடி வராது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். பினாயிலும் வாசனை திரவங்களும் வேண்டாம். துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் குழாயைக் கையில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. ஒரு பொட்டு 0.03 கிராம், ஒரு முழு உளுந்தளவு. லேபிள்களில் சாதாரணமாகச் சொல்வது சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு பொட்டு, தொல்லை அதிகமென்றால் மூன்று. எட்டுக்குப் பத்தடி சமையலறை ஏழரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மும்மூன்றாக வைத்தாலும் 22 பொட்டு, அதாவது முக்கால் கிராமுக்கும் குறைவு. 20 கிராம் குழாயில் கணக்குக்கு 660 பொட்டு இருக்கிறது. ஒரே தடவையில் குழாயைக் காலி செய்துவிட்டு "ஒரு சமையலறைக்குக்கூடப் பத்தவில்லை" என்று எழுதும் விமர்சனங்களைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பற்பசை பிதுக்குவது மாதிரி நீளமாக இழுத்தால் மேல்தோல் காய்ந்து, உள்ளே இருப்பது வீணாகும். பெரிய பொட்டு ஐந்தைவிடச் சின்னப் பொட்டு இருபது எப்போதும் மேல். இந்தப் பூச்சி இரை தேடி வெகுதூரம் நடக்காது. தன் சந்தைச் சுற்றிச் சில அடிக்குள் கிடைத்ததைத் தின்றுவிட்டுத் திரும்பும். பொட்டு அதன் வாசலில் இருக்க வேண்டும்.

நுனியைச் சந்தின் விளிம்பில் வைத்து, பிஸ்டனை மெதுவாக அழுத்தி, பொட்டு விழுந்ததும் பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுங்கள். இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போகும் வழியெல்லாம் நூல் இழுக்கும். மேடைமேல், பாத்திரம் கவிழ்க்கும் இடத்தில், அடுப்பின் சூடு நேராகப் படும் தகட்டில், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. மரத்தூள் பலகை, மர அலமாரி மாதிரி உறிஞ்சும் பரப்பில் நேராக வைக்காமல், ஒரு சின்னத் துண்டு பிளாஸ்டிக்கை ஒட்டி அதன்மேல் வையுங்கள். பிறகு கழற்றி எறிவதும் சுலபம். சுவிட்ச் பெட்டிக்குள் குழாயை விடாதீர்கள், அதன் வெளி விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சுற்றிப் பாருங்கள். தீர்ந்துபோன பொட்டு இருக்கும் இடம்தான் கூடாரம், அங்கே மறுபடி வையுங்கள். தொடாத பொட்டை நகர்த்துங்கள். ஏழாம் நாள் இன்னொரு முறை. அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், தோற்பது அங்கேதான். பெண் ஜெர்மன் கரப்பான் 30, 40 முட்டைகள் அடங்கிய பையை வால்நுனியிலேயே சுமந்து திரியும். பொரிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் இறக்கி வைக்கும். சுமக்கும் காலத்தில் அது சரியாகத் தின்பதில்லை. எனவே முதல் சுற்றில் தப்புவது பெரும்பாலும் கர்ப்பிணிகள். மூன்று, நான்கு வாரத்தில் அவற்றின் குஞ்சுகள் வெளியே வரும்போது சந்துவாசலில் புதிய, ஈரமான பொட்டு காத்திருக்க வேண்டும். இந்த இரண்டாம் சுற்றை நாட்காட்டியில் குறித்துவைக்காதவருக்குக் கரப்பான் "மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும்".

கெடுவது வேறு எப்படியெல்லாம்? முதலிடம் ஸ்ப்ரேக்குத்தான். ஜெல் வைத்த அன்றே, கண்ணெதிரே ஓடியதற்கு ஒரு அடி. சிவப்பு டப்பாக்களில் இருப்பது பைரித்ராய்டு குடும்பத்து மருந்து. கரப்பானை எரிச்சலூட்டிக் கலைந்து ஓட வைக்கும். ஜெல்மேல் ஒரு சாரல் பட்டாலே அந்தப் பொட்டைப் பூச்சி ஒதுக்கும். சமையலறையில் இருந்தது ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பரவுவது இப்படித்தான். தவிரவும் ஜெர்மன் கரப்பானில் பைரித்ராய்டுக்கு எதிர்ப்புத் திறன் உலகம் முழுக்க ஏறிக் கிடக்கிறது. அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அறை முழுக்கப் புகை கக்கும் டப்பாக்களை வைத்த வீடுகளில் கரப்பான் எண்ணிக்கை குறையவே இல்லை. ஜெல் வைத்த வீடுகளில் குறைந்தது. புகை வைத்த வீடுகளில் மருந்து தங்கியது மனிதர் கை படும் பரப்புகளில்தான்.

இரண்டாவது, எறும்பு. இனிப்பு ஜெல்லை மொய்த்துக் காலி செய்துவிடும். எறும்பு வரிசை இருந்தால் முதலில் அதை ஒழுங்கு செய்யுங்கள். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர் கரைத்து, பஞ்சில் நனைத்து மூடியில் வைத்தால் போதும். இதைக் குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும். போரிக் ஒரு கிராமுக்கு மேல் போனால் எறும்பு கூட்டை எட்டும் முன்பே சாகும், கூடு அப்படியே இருக்கும்.

மூன்றாவது, சுவை. சில கரப்பான் கூட்டங்களுக்குக் குளுக்கோஸ் பிடிக்காமல் போய்விடுகிறது. ஃபுளோரிடாவில் பிடித்த கூட்டத்தில் இது 1993இல் முதலில் பதிவானது. 2013இல் காரணமும் தெரிந்தது: அவற்றின் வாயில் குளுக்கோஸ் கசப்பு நரம்பைத் தட்டுகிறது. எனவே புதிய பொட்டை மோந்து பார்த்துவிட்டுக் கரப்பான் விலகிப் போனால், அளவைக் கூட்டிப் பயனில்லை. மருந்தும் கம்பெனியும் வேறாக உள்ள குழாய்க்கு மாறுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவாகவே நல்லது.

அடுக்குமாடி என்றால் இன்னொன்று: குழாய்கள் போகும் செங்குத்துக் குழி எல்லா வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டில் கூடாரம் இருக்கும்வரை உங்கள் ஜெல் எல்லைக் காவல்தான். சிங்க் குழாயைச் சுற்றிய ஓட்டையை வெள்ளை சிமென்டோ சிலிகானோ போட்டு அடைத்தால் காவலின் பளு குறையும். மளிகை வந்த அட்டைப் பெட்டிகளை வீட்டுக்குள் அடுக்காமல் இருப்பதும் அப்படியே. முட்டைப்பை சுமந்த ஒரு பெண் அதன் மடிப்பில் வந்தாலே போதும்.

மற்ற பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. சாக்பீஸ் ஊர்ந்து போவதை வழியில் மடக்கும், சந்துக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. தவிர, பள்ளிச் சாக்பீஸ் போலவே இருப்பதால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்கக் கூடாது. போரிக் பவுடர், அதாவது கேரம் பலகையில் தூவும் அதே பொடி, நல்ல மருந்து. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் படலமாக, உலர்ந்த இடத்தில் தூவினால்தான் வேலை செய்யும். குவித்து வைத்தால் கரப்பான் சுற்றிக்கொண்டு போகும். ஒலி எழுப்பி விரட்டும் பிளக்குகளை வாங்க வேண்டாம். 2001லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் ஆதாரம் எங்கே என்று எச்சரித்தது. "பாச்சை உருண்டை" என்ற பெயரை நம்பி நாஃப்தலீனை சிங்க்கில் போடுவது நம் ஊர் வழக்கம். திறந்த இடத்தில் அது பாச்சையைக் கொல்லாது. ஜி6பிடி என்ற நொதியில் பிறவிக் குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு அதன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மூடிய பெட்டிக்குள் துணிக்கு என்றால் மட்டும்.

ஆளை வரவழைத்து "ஜெல் ட்ரீட்மென்ட்" செய்வதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன மருந்து, குழாயைக் காட்ட முடியுமா? சமையலறைக்குள்ளேயே ஸ்ப்ரேயும் அடிப்பீர்களா? மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாம் முறை வருவது விலைக்குள் அடக்கமா? இரண்டாவதுக்கு "ஆமாம், இரண்டும் சேர்த்து அடித்தால் பவர்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கிளம்புபவர் கீல்களைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். அந்த வேலையை நீங்களே ஒரு குழாய் வாங்கிச் செய்துவிடலாம்.

பெரிய கரப்பானுக்கு ஏன் தண்டம் என்றேன்? அது ஜெல்லைத் தின்னும், சாகவும் சாகும். ஆனால் அதன் ஊர் உங்கள் வீட்டில் இல்லை. இன்று ஒன்று செத்தால் நாளை மேன்ஹோலிலிருந்து இன்னொன்று வரும். அங்கே வேலை மருந்துக்கு அல்ல, கொத்தனாருக்கும் பிளம்பருக்கும். தரை ஜாலிக்கு அடியில் உள்ள டிராப்பில், அதாவது தண்ணீர் தேங்கி வழியை மறிக்கும் குழியில், எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். உபயோகிக்காத பாத்ரூமில் அது வற்றினால் அதுவே வாசல். வாரம் ஒரு குவளை ஊற்றினால் போதும். ஜாலி உடைந்திருந்தால் மூடித் திறக்கும் வகையாக மாற்றுங்கள். வாஷ்பேசின் குழாய் தரை ஓட்டைக்குள் சும்மா செருகியிருக்கும் இடத்தை ரப்பர் வளையம் போட்டு அடையுங்கள்.

அந்தப் பாத்ரூம் சுவரில், கறுப்பாக, வயிற்றைக் கொடிபோல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும் சின்னக் குளவி ஒன்றைப் பார்த்தால் அடிக்காதீர்கள். அது கொட்டாது. பெரிய கரப்பானின் முட்டைப்பைக்குள் முட்டையிட்டு, உள்ளே இருப்பதை மொத்தமாகத் தின்று வெளியே வருவது அதன் குடும்பத் தொழில். அது சுற்றுகிறது என்றாலே எங்கோ முட்டைப்பைகள் இருக்கின்றன என்பது துப்பு.

சிலந்திக்கு வருவோம். ஜெல்லை அது தின்னாது; உயிருள்ள இரைதான் வேண்டும். நீண்ட கால் நுனிகளில் நிற்பதால் தரையில் அடித்த மருந்தும் அதன் உடம்பில் சரியாக ஒட்டுவதில்லை. மூலைகளில் தொங்கும் நூல்கால் சிலந்திக்கு ஒட்டடைக்கோல் போதும். கோலால் வலையோடு முட்டை உருண்டையையும் சேர்த்து எடுப்பதுதான் முக்கியம். உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து, தட்டையாகச் சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சிலந்தி வலை கட்டாது, இரவில் கரப்பானை வேட்டையாடும். அது கடிப்பது அரிது. கையால் பிடித்தாலோ, வயிற்றுக்கடியில் வெள்ளைத் தட்டுபோல் முட்டைப்பையைச் சுமக்கும்போது சீண்டினாலோ கடிக்கலாம். பயமாக இருந்தால் அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடுங்கள். கரப்பான் குறைந்த வீட்டில் அது தங்காது. வாசல் விளக்கை மஞ்சள் ஒளி எல்.இ.டி.யாக மாற்றினால் வரும் பூச்சி குறையும், வலையும் குறையும். சுவரில் பூசணி விதைபோல் ஒட்டி ஊரும் சாம்பல் நிறப் பை சிலந்தி அல்ல, ஒரு அந்துப்பூச்சியின் புழு. பழைய ஒட்டடையும் முடியும்தான் அதன் சாப்பாடு. துடைப்பம் போதும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 0.05 சதவீத ஃபிப்ரோனில் பொட்டு ஒன்றில் இருப்பது 15 மைக்ரோகிராம் மருந்து. நாய்க்கு உண்ணி மருந்தாகப் போடுவதும் இதே ஃபிப்ரோனில்தான். முயல் வளர்ப்பவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும், முயலுக்கு ஆகாது. மீனுக்கும் தேனீக்கும் கொடிது என்பதால் மிச்சத்தை சிங்க்கில் கழுவி விடக் கூடாது. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை முழுக் குழாயை வாயில் வைத்துவிட்டால் லேபிளோடு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டு வைத்தியமாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மிச்சக் குழாயின் நுனியைத் துடைத்து, மூடியை இறுக்கி, ஒரு ஜிப் பைக்குள் போட்டு, அறைச் சூட்டில் உயரமான அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், பக்கத்தில் அந்துருண்டையும் ஊதுபத்தியும் வேண்டாம். ஜெல் அந்த வாசனையை ஏற்றுக்கொள்ளும். அடுத்த முறை எடுக்கும்போது முதல் இரண்டு பொட்டை ஒரு காகிதத்தில் பிதுக்கிப் பாருங்கள். நூலாக நீண்டு வந்தால் உபயோகிக்கலாம். மணல் மணலாக உதிர்ந்தால் காகிதத்தோடு சுற்றிக் குப்பைக்கு.